கூட்டத்தைக் கலைத்தால் மட்டும் போதாது: பயணிகளின் விருப்பம் அறிந்து சுற்றுலாவைப் பரவலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பார்சிலோனாவில் 116 என்ற எண்ணில் ஒரு சிறிய பஸ் ஓடுகிறது. கட்டடக் கலைஞர் கவுடி வடிவமைத்த பார்க் குயெல் பூங்காவை ஒட்டிய மேட்டுப் பகுதியில் குடியிருப்பவர்களுக்காக விடப்பட்டது அது. மேடேற முடியாத முதியவர்கள் வெளியே போய்வர அதைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் பூங்காவுக்கு வழி தேடியவர்களுக்கெல்லாம் கைபேசி அந்தப் பஸ்ஸைக் காட்டியது. பயணிகள் ஏறி நிறைத்துவிட, குடியிருப்பவர்கள் நிறுத்தத்திலேயே நின்றார்கள். 2024இல் நகர நிர்வாகத்தின் முயற்சியால் கூகுள் வரைபடத்திலிருந்து அந்த வழித்தடம் நீக்கப்பட்டது. தடை இல்லை, அபராதம் இல்லை, பிரச்சாரமும் இல்லை. முதியவர்களுக்கு மறுபடி உட்கார இடம் கிடைத்தது.

பயணிகளுக்கு ஆசை பூங்காவின் மேல்தான். 116ஆம் எண் பஸ்ஸின் மேல் எவருக்கும் தனிப் பிரியம் கிடையாது. திரை எதைக் காட்டியதோ அதில் ஏறினார்கள். வேறொன்றைக் காட்டியதும் அதில் ஏறினார்கள்.

சுற்றுலாப் பயணிகளின் விருப்பத்தை ஆராய்வதன் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எவருடைய பயணத் திட்டத்திலும் இறுகிய விருப்பம் சில இருக்கும்: எதைக் கொடுத்தாலும் விட்டுத்தர மாட்டார்கள். மீதி எல்லாம் நெகிழும் விருப்பம்: எந்த நாள், எந்த மணி, எந்த வாசல், எந்த வண்டி, அடுத்ததாக எங்கே. சுற்றுலாவைப் பரவலாக்கும் திட்டங்களில், அதாவது நெரிசலான இடத்தின் கூட்டத்தை வேறு இடங்களுக்கும் நேரங்களுக்கும் பிரித்துவிடும் திட்டங்களில் பல, இறுகியதோடு மோதித் தோற்கின்றன. நெகிழ்வதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. சுற்றுலா அலுவலர்கள், உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், தங்குமிடம் நடத்துபவர்கள், பயண ஏற்பாட்டாளர்கள் ஆகியோருக்கு இரண்டையும் பிரித்தறிந்து வேலை செய்யும் முறையை வரிசையாகச் சொல்வதே இந்த வழிகாட்டி.

படி 1: நெரிசல் எங்கே, எப்போது, யாரால்?

"எங்கள் ஊரில் கூட்டம் தாங்கவில்லை" என்பது புகார். அது இன்னும் கேள்வியாக மாறவில்லை. எந்த வாசலில், எந்த மணியில், எந்த மாதத்தில், எப்படி வந்தவர்களால் என்று பிரித்தால்தான் வேலை தொடங்கும். பெரும்பாலான தலங்களில் ஆண்டு முழுவதும் நெரிசல் இருப்பதில்லை. சில வார இறுதிகளில், முற்பகல் பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை, ஓரிரண்டு இடங்களில்தான் மூச்சு முட்டுகிறது. இதை அறிய நுழைவுச்சீட்டுகளின் நேரப் பதிவு, வாகன நிறுத்துமிட ரசீது, பஸ் நடத்துநரின் கணக்கு, ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணிய எண்ணிக்கை ஆகியவை போதும். விலையுயர்ந்த மென்பொருள் பிறகு வரட்டும்.

பகலில் வந்து மாலையில் திரும்புபவர்கள் எத்தனை, இரவு தங்குபவர்கள் எத்தனை என்பதை மட்டும் தனியாக எண்ணிவிடுங்கள். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் வசூலிக்கத் தொடங்கிய நுழைவுக் கட்டணம் இந்தப் பிரிவினையின் மேல் எழுந்தது. குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30க்கும் மாலை 4க்கும் இடையே, இரவு தங்காமல் வருபவர்களுக்கு மட்டும் 5 யூரோ. யாரைக் குறிவைக்க வேண்டும் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் வெனிஸைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? பணம் வசூலானது, கூட்டம் குறையவில்லை என்று விமர்சனம் எழுந்தது. 2025இல் கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்குக் கட்டணம் இரட்டிப்பானது. இது கவனிக்க வேண்டிய திருத்தம்: வருவதா வேண்டாமா என்ற இறுகிய முடிவை விட்டுவிட்டு, எப்போது முடிவெடுப்பது என்ற நெகிழும் முடிவின் மேல் விலையை வைக்கிறது.

படி 2: பயணிகளை வகைப்படுத்துதல், நாட்டையும் வயதையும் ஓரமாக வைத்துவிட்டு

சுற்றுலா அறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே இந்த நாட்டிலிருந்து இத்தனை பேர், இந்த வயதில் இத்தனை பேர் என்று வட்ட வரைபடங்கள் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஒருவர் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவாரா மாட்டாரா என்பதை அவை அநேகமாகச் சொல்வதே இல்லை.

விமானத்தில் ஏறத் தயங்குபவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று விமான நிறுவனங்களுக்காக ஆராயத் தொடங்கிய ஸ்டான்லி பிளாக், 1974இல் பயணிகளின் மனப்பாங்கை ஒரு அளவுகோலில் வைத்துக் காட்டினார். ஒரு முனையில் பழகியதையே நாடுபவர்கள், மறுமுனையில் யாரும் போகாத இடத்தைத் தேடுபவர்கள், பெரும்பான்மையோர் நடுவில். இந்த அளவுகோலுக்குப் பின்னாளில் ஆட்சேபங்கள் பல வந்தன. ஒரே மனிதர் தனியாகப் போகும்போது ஒரு மாதிரியும், கைக்குழந்தையோடு போகும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்வார் என்பதே போதும். ஆனாலும் பரவலாக்கத் திட்டம் போடுபவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: அறியப்படாத இடத்துக்குத் தானாகக் கிளம்புபவர்கள் சிறுபான்மையினர். மீதிப் பேருக்கு அங்கே போக ஓர் உறுதிமொழி தேவை.

நடைமுறையில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: முதல் தடவை வருகிறாரா, முன்பே வந்திருக்கிறாரா? முதல் தடவை வருபவரைப் புகழ்பெற்ற கோபுரத்திலிருந்து திருப்பிவிட முயல்வது வீண் வேலை. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் அக்கம்பக்கத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம், மூன்றாம் தடவை வருபவர்தான் பரவலாக்கத்தின் இயல்பான கூட்டாளி. அடுத்து, திட்டத்தில் எவ்வளவு அவகாசம் இருக்கிறது, அந்தத் திட்டத்தை வகுத்தது யார் என்று கேட்க வேண்டும். குழுவாக வருபவர்களின் விருப்பத்தை அவர்களிடம் விசாரித்துப் பயனில்லை. முடிவெடுத்தவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கும் பயண ஏற்பாட்டாளர். அவர் கவலை பஸ் நிறுத்தும் இடமும் சாப்பாட்டு நேரமும்.

படி 3: சொல்வதை அல்ல, விட்டுக்கொடுப்பதைக் கேளுங்கள்

இந்த வேலையில் அதிகம் பிழை நேரும் இடம் கருத்துக்கணிப்புதான்.

"அமைதியான இடங்கள் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் பிடிக்கும் என்பார்கள். "சுற்றுச்சூழலுக்கு உகந்த தங்குமிடத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவீர்களா?" என்றால் செலவிடுவோம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதையும் இழக்க வேண்டியிராத கேள்விக்கு நல்ல மனிதர்கள் சொல்லும் பதில் அது. மறுநாள் காலை அதே மனிதர்கள் அதே நெரிசலில் நிற்பார்கள்.

சொன்ன விருப்பத்துக்கும் செயலில் வெளிப்பட்ட விருப்பத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பார்ட் என்ற நகர ரயில் வரவிருந்தபோது, வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரப்பூர்வ மதிப்பீடு. மக்கள் அப்போது நடைமுறையில் எந்த வாகனத்தை, எவ்வளவு நேரத்துக்கும் செலவுக்கும் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்ட பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனின் குழு 6.3 சதவீதம் என்றது. ஓடத் தொடங்கிய பின் பார்த்தால் 6.2. தேர்வுகளை ஆராயும் இந்த முறைக்காக மெக்ஃபேடனுக்கு 2000இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவர் அளவுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் அதன் சாரத்தைப் பயன்படுத்தலாம். கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு அட்டைகளைத் தயார் செய்யுங்கள். பயணியிடம் ஒரு நேரத்தில் இரண்டு அட்டைகளை நீட்டி, "இந்த இரண்டில் நாளை எதற்குப் போவீர்கள்? இரண்டுமே வேண்டாம் என்றும் சொல்லலாம்" என்று கேட்க வேண்டும்.

முதல் அட்டை: எல்லோரும் அறிந்த அருவி. வரிசையில் 50 நிமிடம். தங்குமிட வாசலிலிருந்து வண்டி. கழிப்பறையும் உணவகமும் உண்டு.

இரண்டாம் அட்டை: அதில் பாதி உயரமுள்ள வேறொரு அருவி. வரிசை இல்லை. 40 கிலோமீட்டர் பஸ் பயணம், நாளுக்கு இரண்டு பஸ். கழிப்பறை உண்டு, உணவகம் இல்லை.

பெரும்பாலோர் முதல் அட்டையை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாம் அட்டையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நாளுக்கு இரண்டு பஸ் என்பதை அரை மணிக்கு ஒரு பஸ் ஆக்குங்கள். அடுத்தவரிடம் பஸ்ஸை அப்படியே விட்டு உணவகத்தைச் சேருங்கள். இன்னொருவரிடம் வழிகாட்டி ஒருவரைச் சேருங்கள். எதை மாற்றியபோது கை இரண்டாம் அட்டைக்கு நகர்கிறதோ அங்கே உங்கள் முதலீடு போக வேண்டும். அருவியின் உயரம் தடை என்று நினைத்துப் படகுத்துறையும் தொங்குபாலமும் கட்டக் கிளம்பியிருப்பீர்கள். தடை, திரும்பிவரப் பஸ் கிடைக்குமா என்ற பயமாக இருந்திருக்கும். எல்லாக் கூறுகளையும் எல்லாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஆறேழு இணை அட்டைகள் தாண்டினால் சலிப்பில் எதையாவது தொட்டுவிட்டுப் போவார்.

அட்டை சொன்னதைச் செயலின் தடயங்களோடு ஒப்பிட வேண்டும். டிக்கெட் நேரங்கள், பஸ் ஏறி இறங்கும் எண்ணிக்கை, இணையத்தில் எழுதப்படும் மதிப்புரைகள், படங்கள் எடுக்கப்படும் இடங்கள், கைபேசி நிறுவனங்கள் தரும் தொகுப்புத் தரவு. கடைசியானதைத் தனிநபரை அடையாளம் காண முடியாத தொகுப்பாக மட்டுமே வாங்குங்கள். மதிப்புரைகளையும் முழுதாக நம்ப வேண்டாம். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கோபமடைந்தவரும்தான் எழுதுகிறார்கள், நடுவில் இருப்பவர் பேசாமல் போய்விடுகிறார்.

யாரும் கேட்காத ஒரு மூலமும் உண்டு. டிக்கெட் கொடுப்பவர், பஸ் நடத்துநர், தங்குமிட வரவேற்பில் நிற்பவர் ஆகியோரிடம், "பயணிகள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று கேளுங்கள். "கழிப்பறை எங்கே", "திரும்பிப் போகக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு", "பெரியவர்களால் ஏற முடியுமா", "மழை வந்தால் என்ன செய்வது" என்று வரிசையாக வரும். ஆய்வறிக்கைகள் நூறு பக்கத்தில் சொல்லாத தயக்கங்களின் பட்டியல் அது.

படி 4: இறுகியதையும் நெகிழ்வதையும் பிரித்தல்

இப்போது கையில் இருப்பதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகைப் பயணிக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் தவறினால் மேலே கட்டும் எல்லாம் சாயும்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மோனலிசாவைப் பார்க்கவே வருகிறார்கள். "வேறு ஓவியங்களையும் பாருங்கள்" என்று அவர்களிடம் எத்தனை மொழியில் சொன்னாலும் எடுபடாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டம் அந்த ஆசையோடு சண்டை போடவில்லை. மோனலிசாவுக்குத் தனி அறை, தனி நுழைவு, தனி டிக்கெட் என்கிறது. இறுகிய விருப்பத்துக்குத் தனி வழி விட்டால், மற்ற அறைகளுக்கு மூச்சு கிடைக்கும்.

கியோட்டோவில் நடந்தது இதன் மறுபக்கம். நகர பஸ்களில் நாள் முழுதும் ஏறி இறங்கும் மலிவான டிக்கெட் ஒன்று இருந்தது. பயணிகளுக்காகவே உருவாக்கப்பட்ட வசதி. விளைவு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் உள்ளூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏற முடியவில்லை. சுரங்க ரயிலில் இடம் மிச்சமிருந்தது. 2023 செப்டம்பருடன் அந்த டிக்கெட்டின் விற்பனை நிறுத்தப்பட்டு, சுரங்க ரயிலையும் சேர்த்த டிக்கெட் முன்னிறுத்தப்பட்டது. பஸ்ஸில் போக வேண்டும் என்று யாரும் ஜப்பானுக்கு வரவில்லை. விலைப்பட்டியல் அவர்களை அங்கே ஏற்றியிருந்தது. உங்கள் ஊரின் நெரிசலில் எவ்வளவு பங்கு உங்கள் விலைப்பட்டியலும் பெயர்ப்பலகையும் உருவாக்கியது என்று ஒருமுறை நேர்மையாகப் பார்த்துவிடுங்கள்.

இறுகியது எப்போதும் இறுகியே இருக்கும் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறுவது ஒரு காலத்தில் அங்கு போவதற்கே காரணமாக இருந்தது. அது தங்கள் புனித இடம், ஏறாதீர்கள் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2010இல் வந்த பூங்கா நிர்வாகத் திட்டம், ஏறுபவர்களின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே போவதை, ஏற்றத்தை மூடுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. எண்ணிக்கொண்டே வந்தார்கள், பங்கு குறைந்தது, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டது. ஆனால் மூடும் தேதி தெரிந்ததும் கடைசி மாதங்களில் ஏறுவதற்கென்றே கூட்டம் திரண்டது. விருப்பத்தை அளந்து முடிவெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. முன்கூட்டியே அறிவித்தால் விருப்பம் எப்படித் திமிறும் என்பதற்கும் அதுவே சாட்சி.

படி 5: வரவேற்கப் போகும் ஊரைக் கேட்டீர்களா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். நெரிசலான இடத்தின் சிக்கலை நெரிசலற்ற இடத்துக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, அதற்குப் பரவலாக்கம் என்று பெயர் வைக்கிறோம்.

ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையைச் சுற்றிவரும் நார்த் கோஸ்ட் 500 சாலைப் பயணம் 2015இல் அறிமுகமானது. சுமார் 830 கிலோமீட்டர். ஒதுக்குப்புறமான பகுதிக்கு வருமானம் கொண்டுவருவது நோக்கம், வருமானமும் வந்தது. கூடவே, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒற்றைத் தடச் சாலைகளில் முகாம் வண்டிகள் நிரம்பின. சாலையோரத்தில் குப்பையும் அதைவிட மோசமானதும் சேர்ந்தன. ஐஸ்லாந்தின் ஃபியத்ரார்கிளியூஃபுர் பள்ளத்தாக்கில் 2015இல் பாடகர் ஜஸ்டின் பீபர் எடுத்த காணொலிக்குப் பின் கூட்டம் குவிந்து, நடைபாதை ஓரத்துத் தாவரங்கள் சேற்றில் மிதிபட்டன. 2019இல் அந்த இடத்தையே தற்காலிகமாக மூட நேர்ந்தது. அங்கே யாரும் பரவலாக்கத் திட்டம் போடவில்லை. கூட்டம் தானாகப் பரவினாலும் இதுதான் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர் உள்ளூர் மக்களின் மனநிலை நான்கு கட்டங்களாக மாறுவதாகச் சொன்னார்: உற்சாகம், அலட்சியம், எரிச்சல், பகை. எல்லா ஊரும் இந்த வரிசையில்தான் போகும் என்பதில்லை. ஆனால் உற்சாகக் கட்டத்தில் இருக்கும் ஊர்க்கூட்டத்தின் கைதட்டலை நிரந்தரச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அந்த நான்கு சொற்கள் போதும். கியோட்டோவின் கியோன் பகுதியில் 2024இல் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையத் தடை வந்தது, மீறினால் 10,000 யென் அபராதம் என்ற பலகைகளோடு. விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற ஊர் அந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை.

எனவே எந்த மாற்று இடத்தையும் விளம்பரப்படுத்துமுன் அங்கே போய்ப் பார்க்க வேண்டியவை: கழிப்பறை, குப்பை எடுக்கும் ஏற்பாடு, கோடைக்காலத் தண்ணீர், சாலையின் அகலம், ஆம்புலன்ஸ் வந்துசேரும் நேரம். மேலும், ஊர்க்காரர்களிடம் "சுற்றுலா வேண்டுமா" என்று கேட்காமல், "எந்தத் தெரு வரை, எந்த மணி வரை, எந்த விழாவுக்கு வேண்டாம்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தலையாட்டல் கிடைக்கும். இரண்டாவதற்கு எல்லைக்கோடு கிடைக்கும். அமெரிக்க வனத்துறை 1985இல் வகுத்த ஏற்கத்தக்க மாற்றத்தின் வரம்பு என்ற முறையும் அடிப்படையில் இதுவே: எத்தனை பேர் வரலாம் என்ற எண்ணைத் தேடி அலையாமல், எவ்வளவு மாற்றம் வரை பொறுக்கலாம் என்பதை முதலில் எழுதி வைப்பது.

சில இடங்களுக்குப் பரவலாக்கமே கூடாது. எளிதில் சிதையும் சூழலில் நூறு பாதையில் நூறு பேர் நடப்பதைவிட ஒரே மரப்பலகைப் பாதையில் ஆயிரம் பேர் நடப்பது குறைந்த சேதம். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை, பின்புறத்துத் துறையில் நிற்கின்றன, ஒரே வழியில் அளவான எண்ணிக்கையில் ஆட்கள் உள்ளே போகிறார்கள். அங்கே தேவைப்பட்டது கூட்டத்தைச் சிதறவிடுவது அல்ல, கட்டுக்குள் வைப்பது.

தூரக் கணக்கும் உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி உலகப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவின் பங்கு. அதில் போக்குவரத்துக்குப் பெரிய இடம். பயணியை 200 கிலோமீட்டர் தள்ளி வாடகைக் காரில் அனுப்பிவிட்டு நிலைத்த சுற்றுலா என்று அறிக்கை எழுதுவது, பார்க்கப்போனால், வேடிக்கை.

படி 6: மாற்று இடத்துக்குச் சொந்தக் காரணம் வேண்டும்

"அங்கே கூட்டம், அதனால் இங்கே வாருங்கள்" என்ற அழைப்பில் யாருக்கும் ஆசை பிறக்காது. மிச்சம் வைத்த பந்தியில் உட்காரச் சொல்வது போன்றது அது. பயணி அந்தப் புகழ்பெற்ற இடத்தில் எதைத் தேடுகிறார் என்பதைப் பிடித்து, அந்தத் தேவையையே மாற்று இடம் நிறைவேற்ற வேண்டும். கடற்கரைக்கு வந்தவர் நீந்த வந்தாரா, குழந்தையை விளையாடவிட வந்தாரா, சூரியாஸ்தமனப் படம் எடுக்க வந்தாரா? மூவருக்கும் மூன்று வெவ்வேறு மாற்று. மூன்றில் ஒருவருக்கு ஏரிக்கரையே போதும்.

ஆம்ஸ்டர்டாம் 2009 வாக்கில் தொடங்கிய முயற்சி ஒரு சுவையான தந்திரம். நகரத்துக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் ஸாண்ட்வூர்ட்டை ஆம்ஸ்டர்டாம் கடற்கரை என்றும், மௌடர்ஸ்லாட் கோட்டையை ஆம்ஸ்டர்டாம் கோட்டை என்றும் அறிமுகப்படுத்தினார்கள். போக்குவரத்து டிக்கெட்டையும் அதற்கேற்ப விரித்தார்கள். பயணியின் இறுகிய விருப்பம் ஆம்ஸ்டர்டாம் என்ற பெயர் என்றால், அந்தப் பெயரையே நீட்டிவிட்டார்கள். அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊரின் பெயர் மங்குவது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் மக்கள்தொகை சுருங்கிக்கொண்டிருந்த தீவுகளில் 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழா இன்னொரு வழி. அந்தத் தீவுகளில் ஒன்றான நவோஷிமாவுக்குப் போகிறவர் கியோட்டோவுக்குப் பதிலாகப் போவதில்லை, நவோஷிமாவுக்காகவே போகிறார். இதற்குக் காலமும் பொறுமையும் பணமும் வேண்டும். கைவசம் இவை இல்லாதவர்கள் முதலில் கடைசிப் பஸ்ஸின் நேரத்தை ஒன்றரை மணி தள்ளிவைத்துப் பார்க்கலாம்.

படி 7: இடத்தை மாற்றுமுன் நேரத்தை மாற்றுங்கள்

நேரம்தான் எல்லா விருப்பத்திலும் அதிகம் நெகிழ்வது. ஸ்பெயினின் கிரனாடாவில், அல்ஹம்ப்ரா கோட்டைக்குள் இருக்கும் நஸ்ரிட் அரண்மனைக்கு டிக்கெட்டில் குறித்த நேரத்தில்தான் நுழையலாம். பெருவின் மச்சு பிச்சுவில் நேரமும், உள்ளே நடக்க வேண்டிய பாதையும் டிக்கெட்டிலேயே குறிக்கப்படுகின்றன. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம் ஒரு நாளில் வரும் உல்லாசக் கப்பல்களை இரண்டாகக் குறைத்தது. இவை எதற்கும் பயணியின் ஆசையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பருவத்தை மாற்றுவது மட்டும் கடினம். பள்ளி விடுமுறையோடு கட்டுண்ட குடும்பத்தைத் தள்ளுபடி கொடுத்து நகர்த்த முடியாது. பணி ஓய்வு பெற்றவர்களையும் குழந்தை இல்லாத இணையரையும் நகர்த்தலாம்.

படி 8: அறிவிப்புகளின் சொற்கள்

அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்களின் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருபவர்கள் சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்துப் போய்விடுகிறார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் பாதைகளில் இருவகைப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். "முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதால் காட்டின் இயல்பு மாறிவிட்டது" என்ற பொருளில் எழுதிய பலகை இருந்த இடத்தில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் களவு போனது. எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்ட இடத்தில் 1.67 சதவீதம். வருந்திச் சொன்னது, எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற செய்தியாகக் காதில் விழுந்திருக்கிறது. "இங்கே ஆயிரக்கணக்கானோர் குவிகிறார்கள்" என்ற எச்சரிக்கையும் அப்படியே. படிப்பவருக்கு அது சிபாரிசு.

நல்லதைப் பலர் செய்கிறார்கள் என்று சொன்னால் அதுவும் வேலை செய்யும். 2008இல் வெளியான ஹோட்டல் ஆய்வில், இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் குளியல் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள் என்ற அட்டை, சூழலைக் காப்போம் என்ற வழக்கமான அட்டையைவிட அதிகம் பலித்தது. ஆகவே கூட்டத்தைக் குறைகூறும் வாசகங்களை எடுத்துவிட்டு, "காலை எட்டுக்கு முன் வருபவர்கள் வரிசையின்றி நுழைகிறார்கள்" என்பதுபோல் எழுதுங்கள். உண்மையாக இருந்தால் மட்டும்.

படி 9: சிறிதாகத் தொடங்கி, நிறுத்தும் நிபந்தனையோடு அளத்தல்

ஒரு பருவம், ஒரு வழித்தடம், ஒரு பயணி வகை. அவ்வளவுதான் முதல் முயற்சி. தொடங்குமுன் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எண்ணிக்கையைப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு பார்க்க வேண்டியது ஒன்றே: புதிய இடத்துக்கு வந்தவர்கள் பழைய இடத்திலிருந்து நகர்ந்தவர்களா, கூடுதலாக வந்தவர்களா? பழைய இடத்தில் எண்ணிக்கை குறையாமல் புதிய இடத்தில் மட்டும் ஏறினால், நடந்தது வளர்ச்சி. அது தேவைப்படலாம், ஆனால் நெரிசலுக்கு மருந்து அல்ல. நெதர்லாந்தின் சுற்றுலா அமைப்பு 2019இல், இனி நாட்டை விளம்பரப்படுத்துவதைவிட வருபவர்களை நிர்வகிப்பதே முதன்மை வேலை என்று திசை மாற்றியது. மொத்த எண்ணிக்கை கேள்விக்கு வெளியே இருக்கும்வரை பரவலாக்கம் இடத்தை மட்டுமே மாற்றிக்கொண்டிருக்கும். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களைக் காலாவதியாக விடுவதாக அறிவித்தது வீட்டுப் பற்றாக்குறையை முன்னிட்டு என்றாலும், அதுவும் மொத்த எண்ணிக்கையைத் தொடும் முடிவுதான்.

வருகை எண்ணிக்கையோடு தங்கிய இரவுகள், உள்ளூரில் செலவானதில் உள்ளூரிலேயே தங்கிய பணம், குடியிருப்பவர்களின் புகார்கள், அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் ஆகியவற்றையும் எண்ணுங்கள். கடைசியாகச் சொன்னதை எந்தச் சுற்றுலாத் துறையின் ஆண்டறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

நிறுத்தும் நிபந்தனையை முதல் நாளே எழுதி ஊர்ப் பொதுஇடத்தில் ஒட்டிவிடுங்கள்: கிணற்று நீர்மட்டம் இந்த அளவுக்குக் கீழே போனால், வார இறுதியில் வாகனங்கள் இத்தனையைத் தாண்டினால், ஊர்க்கூட்டத்தில் இத்தனை பேர் வேண்டாம் என்றால், விளம்பரம் அந்த வாரமே நிற்கும், வழிகாட்டிப் பலகைகள் இறங்கும். யார் நிறுத்துவார் என்பதையும் பதவிப் பெயரோடு குறிப்பிடுங்கள். வருமானம் வரத் தொடங்கிய பின் அந்தத் தாளை எழுத உட்கார்ந்தால், யாரும் எண்களை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.